அணையாத பச்சை

உப்பளம் என்கிற பேட்டையில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு காலத்தில் கப்பல் சரக்கு அடுக்கிவைத்திருந்த கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். சுவரெல்லாம் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. நான்கு மேசைகள், ஓடத் தொடங்கினால் பேச்சே கேட்காத ஒரு ஏசி, பின்னறையில் சர்வர். இவ்வளவுக்கும் வாசலில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை வேறு மாட்டியிருந்தார்கள்.

முதல் நாள் காலையில் ஹிபா படியேறி வந்தபோது, அவளுக்கு முன்னால் வாசனை வந்தது. டீசலும் நனைந்த கயிறும் கலந்த வாசனை. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வாம்மா. அர்ஹம் தங்கச்சிதானே? மூக்கப் பாத்தாலே தெரியுது" என்றாள் நிர்மலா. வருகிற போனையெல்லாம் எடுத்துப் பேசுவது அவள் வேலை. "உங்க அண்ணன் சீட்டுதான் உனக்கு. உக்கார்றதுக்கு முன்னாடி ஒருதரம் தொடச்சுக்க. சும்மா சும்மா ஈரமாயிடுது."

ஹிபா கையை வைத்துப் பார்த்தாள். நாற்காலி ஈரமாகத்தான் இருந்தது.

அண்ணன் அர்ஹம் இந்த வேலையை விட்டுவிட்டு மார்செய் என்கிற துறைமுக நகரத்துக்குப் போய் ஏழெட்டு மாதம் ஆகிறது. ஏன் போனான் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பிரான்சில் வேலை கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அம்மா சுரையாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. காலையில் எழுந்ததும் போனைத் திறந்து, சாட் ஆப்பில் மகன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால் அன்றைய டீ அவளுக்கு இனிக்கும்.

முதலாளி விஜயராகவன் பத்தரை மணிக்கு மேல் வந்தார். வந்தவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நம்ம கரைக்கண் தெரியும்ல? வெள்ளிக்கிழமை வெளியூர்லேர்ந்து ஆபீசருங்க பாக்க வர்றாங்க. அதுக்குள்ள ஒரு கனெக்‌ஷன மூடணும். மூடினா மூட மாட்டேங்குது. லிஸ்ட்லேர்ந்து எடுத்தாலும் மறுநாள் வந்து உக்காந்துக்குது."

"யாரோட கனெக்‌ஷன் சார்?"

"வீராம்பட்டினத்துக்காரன் ஒருத்தன். ராஜாங்கம்னு பேரு." அவர் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் இப்ப இல்ல."

கரைக்கண் என்பது இவர்கள் செய்து விற்கிற மீனவர் சேவை. கரையோரம் மீன்பிடிக்கிற ஃபைபர் படகுகளில் தண்ணீர் புகாத உறை போட்ட ஒரு போனைக் கட்டிவிடுவார்கள். வீட்டில் இருக்கிற பெண்கள் தங்கள் போனில் பிரவுசரைத் திறந்தால், கடல் வரைபடத்தில் அவரவர் படகு ஒரு புள்ளியாகத் தெரியும். ஆள் தொடர்பில் இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

சாதாரண வெப்சைட் என்றால் பிரவுசர் கேட்கும், சர்வர் பதில் சொல்லும், அத்தோடு தொடர்பு முடிந்துவிடும். கடலில் போகிற படகை அப்படிக் கண்காணிக்க முடியாது. அதற்குத்தான் வெப்சாக்கெட். ஒருமுறை திறந்தால் யாராவது ஒருவர் மூடும்வரை திறந்தே கிடக்கும் இணைப்பு அது, போனை வைக்காமல் காதிலேயே பிடித்திருப்பது மாதிரி. ஆனால் வைக்காத போனில் ஒரு சங்கடம் உண்டு. எதிர்முனையில் ஆள் பேசாமல் இருக்கிறாரா, ஆளே இல்லையா என்று தெரியாது. ஆகவே சர்வர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பிங் என்று ஒன்றை அனுப்பும். 'இருக்கியா?' என்று கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். படகிலிருந்து பாங் வர வேண்டும். அது 'இருக்கேன்.' பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டு இணைப்பை அறுத்துவிட வேண்டும்.

அறுத்துவிட வேண்டும் என்பதுதான் முறை. அண்ணன் அறுக்கவில்லை.

அதை ஹிபா அன்று மத்தியானமே கண்டுபிடித்துவிட்டாள். தான் எழுதுகிற புரோகிராமில், எதற்காகவாவது காத்திருக்க வேண்டிய இடத்திலெல்லாம் அர்ஹம் 'சபூர்' என்றுதான் பெயர் வைப்பான். கல்லூரிக் காலத்திலிருந்தே அப்படித்தான். 'சபூர் செய்டா', அதாவது பொறுமையாக இரு என்று அம்மா அவனிடம் ஓயாமல் சொன்னதன் விளைவு. சர்வரின் புரோகிராமில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டே போனாள். ஓரிடத்தில், படகிலிருந்து பாங் வராவிட்டால் சர்வரே அந்தப் படகுக்காக ஒரு பாங்கைப் போட்டுக்கொள்ளும்படி எழுதியிருந்தது.

தானே கேட்டு, தானே பதில் சொல்லிக்கொள்கிற சர்வர். பதில் வந்தாலும் பச்சை. வராவிட்டாலும் பச்சை.

"அது வேணும்னுதான் செஞ்சது" என்றாள் நிர்மலா, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "கடல்ல சிக்னல் விட்டு விட்டுதானே வரும்? ஒவ்வொரு தடவ செவப்பு ஆகும்போதும் பொம்பளைங்க அழுதுக்கிட்டு போன் போடுவாங்க. டெமோ அன்னிக்கு பாதிப் புள்ளி செவப்பா மின்னிச்சு. சார் கத்துனாரு. பச்சையா நிக்க வைய்யின்னாரு. உங்க அண்ணன் வச்சான். அவன் மாட்டேன்னுதான் சொன்னான், பாவம். ரெண்டு நாள் சொன்னான். மூணாம் நாள் செஞ்சுட்டான்."

"அப்புறம் ராஜாங்கம்?"

நிர்மலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

வாடைக்காற்று அடித்த ஒரு நாள். ராஜாங்கம் தனியாக வலைபோடப் போனவன். மத்தியானமாகியும் திரும்பவில்லை. ஊர் ஆண்கள் படகுகளை இறக்கித் தேடப் புறப்பட்டார்கள். அவன் பெண்டாட்டி வினோதாதான் போனைத் தூக்கிக் காட்டி அவர்களைத் தடுத்தாள். 'பச்சையா இருக்குண்ணே. நல்லாதான் இருக்காரு. ஊரக் கூட்டாதீங்க.' ஆட்கள் திரும்பிப் போனார்கள். மறுநாள் கவிழ்ந்த படகு மட்டும் கிடைத்தது. ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை. கருவியில் கோளாறு எதுவும் இல்லை என்று விஜயராகவன் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கு அடுத்த வாரம் அர்ஹம் விசாவுக்கு அலைய ஆரம்பித்தான்.

தன் அண்ணன் ஒரு கோழைதான் என்று ஹிபாவுக்கு முன்பே தெரியும். ஆனால் அவனுடைய கோழைத்தனம் இவ்வளவு தூரம் போகும் என்று அவள் நினைத்ததில்லை.

அந்த வரிகளை அழித்தாள். சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டாள்.

வரைபடம் அதன் பிறகு உண்மையைப் பேச ஆரம்பித்தது. சிக்னல் போன படகுகள் சிவப்பாயின, வந்தவை பச்சையாயின. கடல் முழுக்கப் புள்ளிகள் மாறிமாறி மின்னின. நிர்மலாவின் போன் விடாமல் அடித்தது.

ஒரு புள்ளி மட்டும் ஒருமுறைகூடச் சிவப்பாகவில்லை.

ராஜாங்கம், வீராம்பட்டினம்.

அதற்கென்று பொய் சொல்ல இப்போது யாரும் இல்லை. அது தானாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

ஹிபா அந்த இணைப்பில் போகிற வருகிற பிங், பாங்கை மட்டும் தனியாகத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

பாங் முதலில் வந்தது. அதற்குப் பிறகுதான் சர்வர் பிங் அனுப்பியது.

கேட்பதற்கு முன்பே 'இருக்கேன்.'

வெயில் ஜன்னல் வழியாக மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. கீழே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துப் போனான். பட்டப்பகலில் அவளுக்குப் பிடரி மயிர் குத்திட்டு நின்றது.

மறுநாள் இன்னொன்றையும் கவனித்தாள். இணைப்பின் எந்தப் பக்கமும் பிங் அனுப்பலாம். ஆனால் படகுகள் அனுப்புவதில்லை, அதற்கென்று யாரும் எழுதவில்லை. ராஜாங்கத்தின் இணைப்பிலிருந்து இப்போது பாங் வரவில்லை. பிங் வந்துகொண்டிருந்தது.

இருக்கியா?

இருக்கியா?

சர்வர் ஒவ்வொன்றுக்கும் அடக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. புள்ளியும் நகர்ந்திருந்தது. நேற்று வீராம்பட்டினத்துக்கு நேரே நடுக்கடலில் நின்றது, இன்று கரையோரமாக வடக்கே துறைமுகத்தின் பக்கம் வந்திருந்தது.

படிக்கட்டில் போய் நின்றுகொண்டு அர்ஹமுக்குப் போன் செய்தாள். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். அவன் உடனே எடுத்தான், தூங்கினவன் குரலாக இல்லை.

"அண்ணே, அந்த ராஜாங்கத்தோட படகு…"

மறுமுனையில் அவன் எங்கோ போய்க் கதவைச் சாத்திக்கொள்வது கேட்டது.

"அத எடுத்துட்டியா? நான் எழுதுனத?"

"எடுத்துட்டேன். அப்பவும் பச்சையாதான் இருக்கு."

"எனக்குத் தெரியும்." அவன் கிசுகிசுத்தான். "ஹிபா, இங்கயும் கேக்குது."

"என்ன கேக்குது?"

"இருக்கியான்னு. எல்லாத்துலயும் கேக்குது. போன்ல, ஆபீஸ் சிஸ்டத்துல. நான் பதில் சொல்லாமத்தான் இருக்கேன். சொன்னா நான் இருக்கற எடத்துக்கே வந்துரும். சொல்லாட்டி என்னாவும்னு உனக்குத் தெரியும்ல? பதில் வரலன்னா ஆள் இல்லன்னு எடுத்துக்கணும். அதான ரூலு?"

"பேசாம ஊருக்கு வாண்ணே. வந்து அந்த வினோதாக்காகிட்ட உண்மையச் சொல்லிடு."

"வந்தா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. அம்மா தாங்குவாங்களா?" அவன் அழுதான். "நீயும் சொல்லிடாத. அம்மா மேல சத்தியமா சொல்லிடாத."

சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் போனை வைத்தான். அடுத்தவர் தலையில் சுமையை ஏற்றுவதில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

மூன்றாம் நாள் வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் வினோதா வந்தாள். மீன் விற்றுவிட்டு நேரே வந்திருப்பாள் போல. கூடையைப் படியிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. கைநிறைய வளையல் இருந்தது.

விஜயராகவன் அவளைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் போனில் யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"நீதான் இத இப்ப பாக்கறவளா பாப்பா?"

"ஆமாங்கக்கா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. புடவைத் தலைப்பில் சுற்றியிருந்த போனை எடுத்துத் திரையைக் காட்டினாள். பச்சை.

"ரெண்டு நாளா எல்லாப் போட்டும் செவப்பு, பச்சைன்னு மாறுது. எங்க வூட்டுக்காரருது மட்டும் மாறல. ஊர்ல கேக்கறாங்க. காரியம் பண்ணிடலாம்னு எங்க மாமியா சொல்லுது. நான்தான் இது எரியறவரைக்கும் வேணாம்னு நிக்கறேன்." அவள் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு போதும். அன்னிக்கு மத்தியானம் காட்டுச்சே பச்சை, அது மெய்யா?"

ஹிபா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பொய்யின்னா சொல்லிடு. அவரு காலையிலயே போயிட்டாரு, நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, பொட்டி பொய் சொல்லுச்சு, நான் நம்பிட்டேன்னு மனசத் தேத்திக்குவேன். மெய்யின்னா…" அவள் வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். "மெய்யின்னா, அப்ப உசுரோடதான் இருந்திருக்காரு. போட்டப் புடிச்சுக்கிட்டு கெடந்திருப்பாரு. தேட வந்தவங்கள நான்தான் திருப்பி அனுப்புனேன்."

ராஜாங்கத்திடமிருந்து கடைசியாக உண்மையான பதில் வந்தது அன்று காலையில். மத்தியானம் காட்டிய பச்சை அர்ஹம் போட்ட பச்சை. ஹிபாவுக்கு அது துல்லியமாகத் தெரியும், முதல் நாளே சர்வரின் பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்துவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பெண்ணின் தலையிலிருக்கிற பாரம் இறங்கிவிடும். இறங்கி நேராக அர்ஹம் தலையில் ஏறும்.

அம்மா மேல் சத்தியம்.

"மெய்தாங்கக்கா" என்றாள் ஹிபா. "அன்னிக்குக் கருவி சரியாதான் இருந்துச்சு."

வினோதா போன் திரையைப் புறங்கையால் துடைத்தாள்.

"அப்ப நான்தான்" என்றாள்.

அவ்வளவுதான். போனை மறுபடி தலைப்பில் சுற்றிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி, ஹிபாவின் நாற்காலியைப் பார்த்தாள்.

"உன் சீட்டு ஈரமா இருக்கு பாரு பாப்பா. தண்ணி சொட்டுது."

அவள் படியிறங்கிப் போன சத்தம் அடங்குவதற்குள் கரண்ட் போனது.

ஏசி நின்றது. பின்னறையில் சர்வருக்கு வைத்திருந்த யூபிஎஸ் இரண்டுமுறை கத்திவிட்டு அதுவும் செத்தது. நிர்மலா காற்றுக்காகக் கீழே இறங்கிப் போனாள். ஹிபா மட்டும் பேட்டரியில் ஓடுகிற லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சர்வர் நின்றுவிட்டது. இனி எந்த இணைப்பும் கிடையாது. எல்லாப் புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தன.

ஒன்றைத் தவிர.

இல்லாத சர்வரோடு அது பேசிக்கொண்டிருந்தது. அது நின்ற இடம் கடல் இல்லை. வரைபடத்தைப் பெரிதாக்கினாள். உப்பளம். துறைமுகச் சாலை. இன்னும் பெரிதாக்கினாள்.

இந்தக் கட்டடம்.

பின்னறையிலிருந்து டீசல் வாசனை வந்தது. நனைந்த கயிற்றின் வாசனை வந்தது. கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல இழைந்து வந்து அவள் செருப்பைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது, வெயிலில் கிடந்த கடல்நீர் போல.

உள்ளே யாரோ பாரமாக மூச்சு வாங்கினார்கள்.

"இருக்கியா?"

அது பெண்டாட்டியைக் கூப்பிடுகிற குரலில்லை. உதவி கேட்கிற குரலும் இல்லை. நெடுநேரம் பதிலுக்குக் காத்திருந்து வெறுத்துப்போன ஆளின் குரல்.

ஹிபா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எழுதுனவன்" என்றது அந்தக் குரல், பொறுமையாக. "இருக்கியா?"

அவள் பதில் சொல்லவில்லை. சத்தியமாக வாய் திறக்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு பெயர் வந்துவிட்டது. தான் இல்லை, அவன்தான் என்று தப்பித்துக்கொள்கிற அவசரத்தில், அண்ணன் பெயர் தானாக வந்துவிட்டது.

பச்சை அணைந்தது.

கரண்ட் வந்தது. தரை காய்ந்து கிடந்தது. எழுந்து நின்று நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் காய்ந்திருந்தது. விஜயராகவன் உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டு, "அட, போயிடுச்சே! கெட்டிக்காரிதான் நீ" என்று சிரித்தார். அழித்த அந்த வரிகளை வெள்ளிக்கிழமைக்குள் திரும்பப் போட்டுவிடச் சொன்னார். ஆபீசர்கள் முன்னால் சிவப்பாக மின்னினால் நன்றாக இருக்காதாம்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஹிபா நெல்லித்தோப்பு வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். வழியெல்லாம் அர்ஹமுக்கு அடித்துப் பார்த்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவள் போன் அடித்தது. அர்ஹமோடு தங்கியிருக்கும் ஸாகிப்.

"தங்கச்சி, அர்ஹம் இன்னிக்கு உங்ககிட்ட பேசுனானா? நேத்து காலைல உங்ககிட்ட பேசிட்டு கெளம்புனவன், ராத்திரி ரூமுக்கு வரல. வேலைக்கும் போகல. இன்னிக்கு விடியக்காலைல துறைமுகத்துப் பக்கம் பாத்ததா ஒருத்தர் சொல்றாரு."

"அவன் போன்?"

"போன் இங்கதான், கட்டில் மேல கெடக்கு. ஆன் ஆவல. உள்ள தண்ணி போயிருக்கு போல, சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு."

அப்படியானால் வழியெல்லாம் மணி போனது எங்கே? ஹிபா செருப்போடு உள்ளே ஓடினாள். அடுக்களையில் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே டப்பாவில் சாய்த்துவைத்த போனில் சாட் ஆப் திறந்திருந்தது.

"அம்மா, பிரான்ஸ்ல இருக்கற மாமாவுக்குப் போன் போடுங்க. அண்ணனக் காணோமாம். அங்க போலீஸ்ல சொல்லச் சொல்லுங்க, சீக்கிரம்!"

சுரையா போனைத் திருப்பிக் காட்டினாள். மகன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக, தெளிவாக ஒரு புள்ளி.

"பச்சையா இருக்கு பாரு. நல்லாதான் இருக்கான். எதுக்கு ஊரக் கூட்டுற?"

ஹிபா அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பச்சை பொய்ம்மா."

வினோதாவிடம் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை. இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது!

"பொய்யாவது? இதோ, இப்பதான் எழுதறான் பாரு" என்றாள் அம்மா, சந்தோஷமாக.

திரையில் ஒரு வார்த்தை வந்து விழுந்தது.

இருக்கியா?

"அம்மா, வேணாம். பதில் போடாதீங்க. அம்மா!"

சுரையா கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதிக்கொண்டிருந்தாள். அடுக்களை முழுக்க நனைந்த கயிற்றின் வாசனை.

ஹிபா பாய்ந்து போனைப் பிடுங்கினாள். அதற்குள் அது போய்விட்டிருந்தது.

இருக்கேன்.